இரண்டாகப் பிரிந்த ரயில்

2005-ஆம் ஆண்டு, டிசம்பர் மாதத்தின் முதல் சனிக்கிழமை. ஜெர்மனியில், பவேரியா மாநிலத்தில், வரைபடத்தில் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டிய ஒரு சின்ன ஊரில் இது நடந்தது. அந்த ஊருக்குப் போக வேண்டும் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. நினைத்த ஊர் வேறு. அந்த ஊரைத் தேர்ந்தெடுப்பதற்குள்ளேயே எங்கள் வீட்டில் பெரிய பஞ்சாயத்து நடந்து முடிந்திருந்தது.

அப்போது நாங்கள் வால்டோர்ஃபில் குடியிருந்தோம். கணவருக்கு அங்கே சாஃப்ட்வேர் வேலை. நான் கோயம்புத்தூர்க்காரி, அவர் மாயவரம். எங்களுடையது காதல் திருமணம். எங்கள் வீட்டுக்கு மருதமலை முருகன், அவர்கள் வீட்டுக்கு ஏசுநாதர். நாலைந்து தலைமுறையாக லுத்தரன் சபைக் குடும்பம். எங்கள் பதிவுத் திருமணத்துக்கு என் வீட்டார் முறைத்துக்கொண்டே வந்தார்கள். என் மாமியார் வரவே இல்லை.

மூன்று வருடம் கழித்து, மகனைப் பார்க்காமல் இருக்க முடியாமல், ஒரு நவம்பர் மாதம் ஜெர்மனிக்கு வந்து இறங்கினார். வந்தவர் என்னோடு சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டு, ஒரு வழியாக முடிந்திருக்கும். அவர் சண்டை போடவில்லை. பேசவும் இல்லை. என்னிடம் சொல்ல வேண்டிய எல்லாவற்றையும் மகனிடம் சொல்வார். நான் பக்கத்து நாற்காலியில்தான் இருப்பேன். "வடை ஆறிப்போகுதுடா, அவளை எடுத்துக்கச் சொல்லு" என்பார். கணவர் என் பக்கம் திரும்பி, "வடை எடுத்துக்கோ" என்பார். நான், "எனக்குப் போதும்னு சொல்லுங்க" என்பேன். அவர் அந்தப் பக்கம் திரும்பி, "போதுமாம்மா" என்பார். டென்னிஸ் ஆட்டம் பார்ப்பவர் மாதிரி அவர் கழுத்து இரண்டு பக்கமும் திரும்பிக்கொண்டே இருக்கும். அவர் ஆபீஸ் போய்விட்டால் மாமியார் ஒரு அறையில், நான் இன்னொரு அறையில்.

ஆனால் மாமியார் வடையை என்னவோ என் தட்டில்தான் முதலில் வைப்பார். என் துணிகளை மடித்து வைப்பார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது ரசம் வைத்து, அதைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் பேசாமல் போனார். அதனால் கோபப்படவும் எனக்கு வழியில்லை. அவர் ஊருக்குத் திரும்ப இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. போவதற்குள் ஒரே ஒரு தடவை, என் முகத்தைப் பார்த்து நேராக ஏதாவது சொல்லிவிட மாட்டாரா என்று இருந்தது எனக்கு. திட்டினால்கூடப் பரவாயில்லை.

"எல்லாரும் சேர்ந்து ஒரு ட்ரிப் போனா செட் ஆயிடும்" என்று கணவர் நம்பினார். ஆண்களுக்கு இந்த நம்பிக்கை எங்கிருந்துதான் வருகிறதோ! டிசம்பர் ஆரம்பத்தில் பவேரியா ஊர்களெல்லாம் கிறிஸ்துமஸ் சந்தை போட்டு, விளக்கு கட்டி, கல்யாண வீடு மாதிரி இருக்கும். அம்மாவுக்கு அதைக் காட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. எந்த ஊர் என்பதில்தான் பஞ்சாயத்து. அவருக்கு நூரம்பெர்க், உலகப் பிரசித்தம். எனக்கு ரோத்தன்பர்க், கோட்டைச் சுவரும் சாய்ந்த கூரைகளும் காலண்டர் படம் மாதிரி இருக்கும். நூலகத்தில் உட்கார்ந்து படம் படமாக அச்செடுத்து வந்து மேசையில் பரப்பினேன். மாமியார் அதையெல்லாம் கண்ணாடி போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்புறம் மகனிடம், "கோயில் இருக்குற ஊரா இருந்தா சரி. கோயில்ல பாட்டு இருந்தா இன்னும் நல்லது" என்றார். தேவாலயத்தை அவர்கள் கோயில் என்றுதான் சொல்வார்கள். ஜெர்மனியில் கோயில் இல்லாத ஊர் எது என்று நான் மனதுக்குள் நொடித்துக்கொண்டேன்.

மன்ஹைமில் நாங்கள் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கும் கடை ஒரு யாழ்ப்பாணத்து அண்ணையுடையது. எதற்கும் அவரைக் கேட்கலாமே என்று கேட்டேன். "நூரம்பெர்க்கில சரியான சனக்கூட்டம், தங்கச்சி. வெள்ளிக்கிழமை பின்னேரம் அதை ஒருக்காப் பாத்துப்போட்டு, அடுத்த நாள் அங்கால ஒரு சின்ன ஊருக்குப் போங்கோ. அதுதான் வடிவு" என்றார். முருங்கைக்காயைக் கட்டித் தந்துகொண்டே, "ஆனா கவனம். அங்க சில ரயில் நடுவழியில ரெண்டாப் பிரியும். ஏறேக்க பெட்டியில என்ன ஊர் போட்டிருக்கெண்டு பாத்து ஏறுங்கோ. நான் வந்த புதுசில இப்பிடித்தான் எங்கயோ போயிட்டன்" என்று சிரித்தார். நான், "சரிங்க அண்ணா" என்று சொல்லி, இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டேன்.

கடைசியில் நூரம்பெர்க்கில் ஓர் இரவு தங்கி, மறுநாள் பைரொய்ட் போவது என்று கணவர் தீர்ப்புச் சொன்னார். அரண்மனை இருக்கிறது, சந்தை இருக்கிறது, கோயிலும் இருக்கிறது. யார் கேட்ட ஊரும் அது இல்லை என்பதால் யாருக்கும் வருத்தமில்லை.

சனிக்கிழமை காலை நூரம்பெர்க் ஸ்டேஷனில் தேர்த் திருவிழாக் கூட்டம். எங்கள் மூவருக்கும் சேர்த்து ஒரே பயணச்சீட்டு. ஐந்து பேர் வரை ஒன்றாகப் போகலாம், பவேரியா முழுக்கச் சுற்றலாம். அந்தச் சீட்டும், எங்கள் வீட்டில் இருந்த ஒரே ஒரு செல்போனும், நான் வீட்டிலேயே கிளறி எடுத்து வந்திருந்த புளிசாதமும் கணவரின் முதுகுப் பையில் இருந்தன. ரயில் வந்து நின்றதும் எனக்குள் இருந்த காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு விழித்துக்கொண்டது. இடம் பிடிப்பதில் நான் கில்லாடி. "நீங்க முன்னாடி பாருங்க, நான் பின்னாடி பார்க்குறேன்" என்று கணவருக்கு உத்தரவு போட்டுவிட்டு, பின்னால் இருந்த பெட்டியில் பாய்ந்து ஏறி, ஜன்னலோரம் இரண்டு இருக்கையில் என் சால்வையை விரித்தேன். ஜெர்மானியர்கள் சால்வையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், அப்படியே நகர்ந்தார்கள். பின்னாலேயே மாமியாரை ஏற்றிவிட்ட கணவர், "அம்மா, நீ இங்க உட்காரு, நான் முன்னாடி நின்னுக்குறேன். இறங்குற இடத்துல வந்து கூட்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு முன்பக்கம் ஓடினார்.

ரயில் கிளம்பியது. எதிரெதிரே நானும் மாமியாரும். மகனுடைய பழைய கோட்டு அவருக்கு முழங்கால் வரை இருந்தது. அதற்குக் கீழே சேலை, தலையில் குரங்குக் குல்லா. இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தோம். வெளியே பனி தூவிய காடு. மூன்று வாரத்தில் முதல் முறையாக எங்களுக்கு நடுவில் மகனும் இல்லை, சுவரும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் கதவுக்கு மேலே ஓடிய எழுத்துப் பலகையைத் தற்செயலாகப் பார்த்தேன். பைரொய்ட் இல்லை, என்னவோ வேறு ஊர். கடைக்கார அண்ணை சொன்னது சுருக்கென்று நினைவுக்கு வந்தது. முன்பக்கம் போய்ப் பார்க்கலாம் என்றால், எங்கள் பகுதியும் முன் பகுதியும் கொக்கி போட்டு இணைத்த இரண்டு தனி ரயில்கள். நடுவில் வழியே இல்லை. மாமியாரிடம் சொல்லலாமா? சொன்னால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பார். தப்பாக இருந்தால் அசடு வழிய வேண்டும். அடுத்த ஸ்டேஷனில் பார்த்துக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த ஸ்டேஷனில் ரயில் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றது. ஒலிபெருக்கியில் கடகடவென்று ஜெர்மன். 'பின்பக்கம்' என்ற ஒரே வார்த்தைதான் எனக்குப் புரிந்தது. ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட ஆள் ஒருவர் தண்டவாளத்தோரம் நடந்து போனார். மாமியார் அவரையே எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். திரும்ப மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். டக்கென்று ஒரு குலுக்கல். நான் எழுந்து கதவுக்கு ஓடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ரயிலின் முன்பாதி, என் கணவரையும் சீட்டையும் போனையும் புளிசாதத்தையும் ஏற்றிக்கொண்டு, வளைவில் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. ரயிலுக்குள் உட்கார்ந்தபடியே ரயிலைத் தவறவிட்டவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

எங்கள் பாதி வேறு தண்டவாளத்தில் நகர ஆரம்பித்தது. நான் பொத்தென்று வந்து உட்கார்ந்தேன். அப்போதுதான் அது நடந்தது.

"நான் அப்பவே நினைச்சேன்" என்றார் மாமியார். சுற்றிலும் பார்த்தேன். தமிழ் தெரிந்தவள் அந்தப் பெட்டியில் நான் ஒருத்திதான். என்னிடம்தான் சொல்கிறார்! "மாயவரத்துல இப்படித்தான் கழட்டுவாங்க. பாதி ஒரு பக்கம் போவும், பாதி இன்னொரு பக்கம் போவும். அந்த ஆளு கொக்கிகிட்ட போனப்பவே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுதுன்னா சொல்லியிருக்கலாமில்லீங்க அத்தை!"

"யாருகிட்ட சொல்றது?" என்றார். சொன்ன பிறகுதான் அது என்ன பதில் என்று அவருக்கே உறைத்தது. அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. நானும் எழுத்துப் பலகையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்ததைச் சொன்னேன். அவருக்குப் பாதி தெரியும், எனக்குப் பாதி தெரியும். இரண்டு பேரில் ஒருத்தி வாயைத் திறந்திருந்தால் இறங்கி முன்னால் ஓடியிருக்கலாம்.

சிரிக்கலாமா என்று யோசிப்பதற்குள் டிக்கெட் பரிசோதகர் வந்துவிட்டார். பெரிய மீசை. மாமியார் பதறிவிட்டார். "அவர் கேட்டா என்ன சொல்லுவ? போலீஸ்ல புடிச்சுக் குடுத்துருவாங்களா?" என்று என் கையை இறுக்கிப் பிடித்தார். அரைகுறை ஜெர்மனில் கணவர், சீட்டு, முன்னால், வேறு ஊர் என்று வார்த்தைகளை உதிர்த்தேன். பக்கத்து இருக்கையில், துப்பாக்கிப் பெட்டி மாதிரி நீளமான ஒரு கறுப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தாட்டியான பெண்மணி உட்கார்ந்திருந்தார். என் ஜெர்மனைக் கேட்டுப் பொறுக்க முடியாமலோ என்னவோ, அவரே குறுக்கிட்டு எல்லாவற்றையும் விளக்கினார். பரிசோதகர் என்னையும் மாமியாரையும் குரங்குக் குல்லாவையும் மாறி மாறிப் பார்த்தார். மீசை அசைந்தது. "சீட்டு இருக்கிறது, அது மட்டும் வேறு ஊருக்குப் போய்விட்டது. அப்படித்தானே?" என்று கேட்டுவிட்டு, தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லிப் போய்விட்டார்.

"என்ன சொன்னாரு? என்ன சொன்னாரு?" என்று மாமியார் என்னை உலுக்கினார். மூன்று வாரம் கணவர் பார்த்த மொழிபெயர்ப்பு வேலையை நான் அன்று மொத்தமாகப் பார்த்தேன்.

அந்தப் பெண்மணி தன் செல்போனை என்னிடம் நீட்டினார். மலைப்பாங்கான இடம், முதலில் சிக்னல் இல்லை. அடுத்த ஸ்டேஷன் தாண்டியதும் கிடைத்தது. "அம்மா எங்க? அம்மா உன்கூட இருக்காங்களா?" என்று கணவர் கிட்டத்தட்ட அழுதார். நான் எங்கே என்று கேட்கவில்லை பாருங்கள்! அவர் பைரொய்ட் போய், வந்த வழியே திரும்பி, ரயில் மாறி எங்களிடம் வரப் பிற்பகல் ஆகிவிடும். நாங்கள் எங்கே காத்திருப்பது? பெண்மணி போனை வாங்கி அவரிடம் ஓர் ஊர்ப் பெயரைச் சொன்னார். அது அவருடைய சொந்த ஊர். அடுத்ததாக வரப்போவது. "பிளாட்பாரத்தில் நின்றால் உறைந்துபோவீர்கள், என்னோடு வாருங்கள். எங்கள் ஊரில் இந்த இரண்டு நாள்தான் சந்தை" என்று எங்களை இறக்கிக் கூட்டிக்கொண்டு போனார்.

ஸ்டேஷனிலிருந்து போகும் பாதையில் பனி இறுகிக் கண்ணாடியாக இருந்தது. நான் முன்னால் வேகமாக நடந்துவிட்டேன். பின்னாலிருந்து ஒரு குரல். "ஏய், நில்லுடி. கையைக் குடு, வழுக்குது."

'டி' போட்டார்! அதைக் கேட்டு யாராவது சந்தோஷப்படுவார்களா? நான் பட்டேன். கொண்டவனின் தாய் 'டி' போட்டுக் கூப்பிட்டால் வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டுவிட்டார் என்று அர்த்தம் என எங்கள் அம்மா சொல்வார். ஓடிப்போய்க் கையைக் கொடுத்தேன்.

சந்தை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. கல் பாவிய ஒரு முற்றம், நடுவில் கோயில், அதைச் சுற்றிப் பத்துப் பதினைந்து மரக்கடைகள். வறுத்த பாதாம் வாசனை. கூரைகளில் சின்னச் சின்ன மஞ்சள் விளக்குகள். நான் அச்செடுத்து வந்த எந்தப் படத்திலும் இல்லாத ஊர். பெண்மணி எங்களை ஒரு கடையோரம் நெருப்புச் சட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஒயின் கலக்காத சூடான பழச்சாறு இரண்டு கோப்பை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். சற்று நேரத்தில் கோயில் படிக்கட்டில் ஏழெட்டுப் பேர் வரிசையாக வந்து நின்றார்கள். நம் பெண்மணியும் அதில் இருந்தார். துப்பாக்கிப் பெட்டிக்குள்ளிருந்து வந்தது டிராம்போன் என்கிற நீளமான பித்தளைக் குழல்.

முதல் பாட்டை வாசித்தார்கள். கேட்டுக்கொண்டே நான் பழச்சாறு குடித்தேன். இரண்டாவது பாட்டு ஆரம்பித்ததும் மாமியார் கோப்பையை என் கையில் திணித்தார். "இது நம்ம பாட்டுடி" என்றார்.

"எதுங்க அத்தை?"

"ஞானப்பாட்டு. கோயில்ல பாடுறது. எங்க அப்பா தினமும் பாடுவாரு. மாயவரத்துப் பாட்டு இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் பாட ஆரம்பித்துவிட்டார். தமிழில். முதலில் முணுமுணுப்பு. அப்புறம் குல்லாவைக் காதுக்கு மேலே தூக்கிவிட்டுக்கொண்டு, நல்ல குரலில். அவருக்கு இப்படி ஒரு குரல் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? பேசியிருந்தால்தானே! பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஒரு வயதான ஜோடி அதே மெட்டில் ஜெர்மனில் மெதுவாகச் சேர்ந்துகொண்டது. பாட்டு முடிகிற இடத்தில் படிக்கட்டில் இருந்த நம் பெண்மணி மாமியாரைப் பார்த்துவிட்டார். பக்கத்து ஆளை முழங்கையால் இடித்து என்னவோ சொன்னார். அவர்கள் நிறுத்தாமல் மறுபடி முதலிலிருந்து வாசித்தார்கள். மாமியார் அடுத்த சரணத்தைப் பாடினார்.

எனக்கு வரிகள் தெரியாது. ஆனால் மெட்டு தெரிந்திருந்தது. எங்கே கேட்டேன் என்று யோசித்து, சட்டென்று பிடிபட்டது. நானும் கூடவே முணுமுணுத்தேன். பாட்டு முடிந்ததும் மாமியார் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"உனக்கு எப்படித் தெரியும் இது?"

"அவர் ஷேவ் பண்றப்ப பாடுவாருங்க அத்தை. தினமும்."

அவர் கண் கலங்கிவிட்டது. மகன் கோயிலுக்குப் போகிறானா, ஜெபம் பண்ணுகிறானா, இல்லை, இவள் மாற்றிவிட்டாளா என்று மூன்று வருடமாக அந்த மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அதைக் கேட்கத்தான் அவருக்கு வாய் வரவில்லை. எனக்கும் அழுகை வந்தது. இரண்டு கையிலும் கோப்பை இருந்ததால் துடைக்க முடியவில்லை. அவரே கோட்டின் கைப்பகுதியால் என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தப்பாப் பாடுவானே?" என்றார்.

"ஆமாங்க அத்தை. மேலே போற இடத்துல..."

"கீழே வந்துருவான்! சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்டி. கோயில் குயர்ல பாட்டு வாத்தியார் இவனை வாயை மட்டும் அசைக்கச் சொல்வாரு."

நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பாதாம் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அன்று பிற்பகல் முழுக்கப் பேசினோம். மூன்று வருடப் பேச்சு பாக்கி இருந்ததே!

கணவர் வந்து சேர்ந்தபோது முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. முதுகுப் பையோடு முற்றத்தில் ஓடி வந்தவர், அம்மாவும் மனைவியும் ஒரே சால்வையைப் போர்த்திக்கொண்டு ஒரே பொட்டலத்தில் பாதாம் தின்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "அம்மா, ஒண்ணும் ஆகலையே? பயந்துட்டியா?" என்றார்.

மாமியார் அவருக்குப் பதில் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, "ஓடி வந்துருக்கான், மூச்சு வாங்குது. அவனை முதல்ல உட்காரச் சொல்லு" என்றார்.

நெருப்புச் சட்டியோரம் நின்று புளிசாதம் சாப்பிட்டோம். அந்தப் பெண்மணிக்கும் கொடுத்தோம். உறைப்பில் கண்ணில் நீர் வர, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டித் தின்றார். முந்நூறு வருடத்துக்கு முன்னால் ஜெர்மன் பாதிரியார்கள் தரங்கம்பாடிக்குக் கொண்டுவந்த மெட்டுதான் அது என்று திரும்பும் ரயிலில் கணவர் விளக்கினார். மாமியார் ஒத்துக்கொள்ளவே இல்லை. "எப்படியோ, நம்ம பாட்டை நல்லாத்தான் வாசிக்கிறாங்க" என்று முடித்துவிட்டார். இந்த முறை மூவரும் ஒரே பெட்டியில், ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தோம்.

நான் இன்றும் முருகனைத்தான் கும்பிடுகிறேன். மாமியார் இன்றும் அதற்காக எனக்கும் சேர்த்துத்தான் ஜெபம் பண்ணுகிறார். நாங்கள் ஜெர்மனியை விட்டு வந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. மாயவரத்திலிருந்து ஞாயிறுதோறும் போன் வரும். மணிக்கணக்கில் என்னிடம்தான் பேசுவார். அவர் மகன் என் பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கடைசியில், "அவனை வேளைக்கு மாத்திரை போடச் சொல்லு" என்று எனக்கு உத்தரவு வரும். நான் திரும்பி அவரிடம் சொல்வேன். எந்த வீட்டிலாவது இரண்டு பேர் பேசாமல் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால், நடுவில் இருக்கும் நல்லவரைக் கொஞ்ச நேரம் வேறு ரயிலில் ஏற்றி அனுப்பினால் போதுமே என்றுதான் எனக்கு இன்றும் தோன்றுகிறது.